நிலைமொழியும் வருமொழியும்

‘தொகை’ என்னும் சொல் தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. நான்கடி முதல் எட்டடி வரையிலான பாடல்களைக் குறுந்தொகையாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரையிலானவற்றை நற்றிணையாகவும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரையிலானவற்றை அகநானூறாகவும் அளந்து சேர்த்த பெருமக்களின் பணியால்தான் அப்பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. பாடிய புலவர்களை நாம் போற்றுகிறோம். குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவின் பெயரைத் தேர்வுக்கு மட்டும் நினைவில் கொள்கிறோம். அவர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எதை விட்டார்கள், விடும்போது கை நடுங்கிற்றா என்பது தெரிவதில்லை. திரைப்படத்தில் ‘எடிட்டிங்’ எனப்படும் தொழிலுக்குப் ‘படத்தொகுப்பு’ என்று பெயரிட்டவர் நல்ல தமிழறிவு உடையவராக இருந்திருத்தல் வேண்டும். ‘வெட்டுதல்’ என்று பெயரிட்டிருந்தால் பாதி உண்மை மறைந்து போயிருக்கும்.

இந்தப் படத்தொகுப்பை நான் என் ஐம்பத்திரண்டாம் வயதில் கற்கத் தொடங்கினேன். இக்கல்லூரித் தமிழ்த்துறையில் 1992 முதல் 1994 வரை முதுகலை பயின்று, பின்னர்ப் பள்ளித் தமிழாசிரியனாகக் காலம் கழித்து வருபவன் நான். வீடு பாடியில். திரைத்துறையோடு எனக்குள்ள உறவு நுழைவுச்சீட்டு வாங்குவதோடு முடிந்துவிடும். இதைக் கொண்டு பொருளீட்டும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரை, என் அம்மா தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசப் பேசக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். எழுபத்தேழு வயது அவருக்கு. நேற்று உண்டதை மறக்கிறார். 1966ஆம் ஆண்டு மணமாகிப் பாடிக்கு வந்த நாளின் புடைவை நிறத்தைச் சொல்கிறார். அந்த வரிசையில் எது எப்போது கழன்று விழும் என்று சொல்ல முடியாத நிலையில், பதினொரு அமர்வுகளில் ஆறு மணி நாற்பது நிமிடங்கள் சேர்ந்தன. ஆறு மணி நேரத்தை அமர்ந்து பார்ப்பார் எவர்? தம்பியும் தங்கைகளும் அவர்தம் பிள்ளைகளும் பார்க்கும்படி பதினெட்டு நிமிடங்களில் ஒரு படம் செய்துவிடலாம் என்று எண்ணினேன்.

நானூறு நிமிடங்களிலிருந்து பதினெட்டு நிமிடங்கள். ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கு. அகநானூற்றைத் தொகுத்தார்க்கும் இப்படியொரு கணக்கு இருந்திருக்கும்.

முதலில் எதிர்ப்பட்டது கருவியின் தொல்லை. வீட்டிலிருந்த கணிப்பொறி பழையது. பெரிய மென்பொருள்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். விலையின்றிக் கிடைக்கும் ‘கேடன்லைவ்’ என்னும் மென்பொருளை நிறுவிக்கொண்டேன். காட்சிகளின் எடை குறைந்த படிகளைப் ‘பிராக்சி’ என்ற பெயரில் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். வேலையெல்லாம் அந்தப் படிகளில் நடக்கும். முடிவில் அசல் வந்து இடம்பிடிக்கும். அடுத்து ஒரு விந்தை. அரைமணி நேரக் காட்சி ஒன்றில், தொடக்கத்தில் அம்மாவின் உதடும் சொல்லும் ஒன்றாகவே இருந்தன. போகப் போகச் சொல் ஒருபுறமும் உதடு ஒருபுறமுமாக விலகிவிட்டன. கைப்பேசி விநாடிக்கு முப்பது படச்சட்டங்கள் என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டாலும், வெளிச்சத்துக்கும் தன் களைப்புக்கும் ஏற்ப எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்யும் இயல்புடையது என்பதும், தொகுக்கும் முன்னர் அதை ஒரே சீரான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் மூன்று நாள் தேடலில் விளங்கின. மாற்றித் தரும் மென்பொருளின் பெயர் ‘ஹேண்ட்பிரேக்’. பிரேக் செய்யும் தொழிற்சாலை உள்ள ஊரில் வாழ்பவனுக்கு இது பொருத்தமே என்று எண்ணிக்கொண்டேன். விநாடிக்கு இருபத்தைந்து சட்டங்கள் என அமைத்தேன். பதினெட்டு நிமிடத்துக்கு இருபத்தேழாயிரம்.

கருவி வசப்பட்ட பின்னர்தான் மெய்யான இடர் தலைகாட்டிற்று. ‘இதைச் செய்ய நீ யார்?’ என்ற கேள்வி இரவுதோறும் கணிப்பொறிக்கு அருகில் வந்து அமர்ந்துகொண்டது.

பாடியிலிருந்து கோடம்பாக்கம் தொலைவிலில்லை. அங்கே தொகுப்பறையிலேயே பிறந்து வளர்ந்தார் என்று சொல்லத்தக்கவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டு ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’ ஆகியவற்றை இயக்கிய ஏ.பீம்சிங் அவர்கள் படத்தொகுப்பிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர். அவர் மகன் பி.லெனின் தமிழின் பெயர்பெற்ற தொகுப்பாளராகி, 1992இல் ‘நாக் அவுட்’ என்ற குறும்படத்தால் தேசிய விருதும் பெற்றார். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தைத் தொகுத்துத் தேசிய விருது பெற்ற ஏ.ஸ்ரீகர் பிரசாத் அவர்களின் தந்தை ஏ.சஞ்சீவியும் தொகுப்பாளரே. ஸ்ரீகர் பிரசாத் சென்னையில் இலக்கியம் பயின்ற பட்டதாரி என்று படித்தபோது ஒரு நொடி உள்ளம் குளிர்ந்தது. அடுத்த நொடியே, அவர் தந்தையின் அறையில் தொழில் பழகியவர் என்பதும் நினைவுக்கு வந்தது. எனக்கு இருந்ததோ சாப்பாட்டு மேசை. இரவு பாத்திரங்களை எடுத்து வைத்த பிறகே அது தொகுப்பறை ஆகும்.

பெரியவர்களோடு ஒப்பிட்டுத் தாழ்வது ஒருவகைத் துன்பம். சிறியவர்களோடு ஒப்பிட்டுத் தாழ்வது அதினும் கொடிது. தங்கை மகனுக்குப் பதினேழு வயது. ஒரு மாலைப் பொழுதில் கைப்பேசித் திரையிலேயே இரு கட்டை விரல்களால் ஒரு திருமண நிகழ்ச்சியை ஒன்றரை நிமிடமாக்கி, இசையும் சேர்த்து, உறவினர் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்க வந்தான். நான் அன்று அம்மாவின் இரண்டு வாக்கியங்களை இணைத்து முடித்திருந்தேன். ‘மாமா, இடையில பேசாம இருக்கிற இடத்தையெல்லாம் தூக்கிடுங்க. ஒரு மியூசிக் போட்டுட்டா முடிஞ்சுது’ என்று அன்போடு அறிவுரை கூறினான்.

இந்நிலையில் வால்ட்டர் மர்ச் என்னும் அமெரிக்கத் தொகுப்பாளர், 1988இல் சிட்னியில் ஆற்றிய உரையை விரித்தெழுதிய சிறுநூல் கைக்குக் கிடைத்தது. 1979இல் வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் தொகுப்பாளர்களுள் அவரும் ஒருவர். பன்னிரண்டரை இலட்சம் அடி நீளப் படச்சுருள். பயன்பட்டது தொண்ணூற்றைந்தில் ஒரு பங்கு. படத்திலுள்ள இணைப்புகளின் எண்ணிக்கையைத் தொகுப்பாளர்கள் உழைத்த நாள்களால் வகுத்துப் பார்க்கிறார். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. எஞ்சிய நேரமெல்லாம் பார்ப்பதிலும், சேர்த்துப் பிரிப்பதிலும், வேண்டாம் என்று முடிவு செய்வதிலும் கழிந்திருக்கிறது. என் இரண்டு வாக்கியங்களைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவரிடமும் கூச்சப்படவில்லை. நல்ல வெட்டுக்கு அவர் ஆறு அளவைகள் கூறுகிறார். காட்சிகள் இடப்பொருத்தத்தோடு ஒட்டுகின்றனவா என்பது போன்றவை கடைசியில் நிற்கின்றன. முதலிடம் உணர்ச்சிக்கு, நூற்றுக்கு ஐம்பத்தொரு மதிப்பெண். மதிப்பெண் போட்டுப் பழகிய ஆசிரியனுக்கு இது உடனே விளங்கிற்று: மற்ற ஐந்தும் கூடி வந்தாலும் முதலாவதை வெல்ல முடியாது.

நூல் தந்த தெளிவினும் பெரிய தெளிவு, வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. அத்தா பாடியின் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். 1960களில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என ஆலைகள் எழுந்தபோது தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய பல்லாயிரவருள் ஒருவர். ஓய்வு பெற்றபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த நினைவுப் பொருள், வழக்கொழிந்த ஒரு பிளக் கேஜ். எஃகுத் தண்டு, இரு முனைகள். ‘கோ’ என்ற முனை துளைக்குள் நுழைய வேண்டும். ‘நோ கோ’ என்ற முனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. துளையைப் போட்டவர் முப்பதாண்டு அனுபவம் உடையவரா, நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரா என்று அந்தத் தண்டு கேட்பதில்லை. அத்தாவும் கேட்டதில்லை என்று அவரோடு பணியாற்றியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

‘நான் தொகுப்பாளன்தானா?’ என்பது விடையில்லாத கேள்வி. இருபது ஆண்டு தொழில் செய்தவரும் அதற்கு விடை காணாமல் துன்புறலாம். ‘இந்த இணைப்பு நிற்கிறதா?’ என்பதற்கு விடை உண்டு. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐயம் எங்கும் போய்விடவில்லை. அதை என்மேலிருந்து எடுத்து இணைப்பின்மேல் வைத்தேன். அங்கே அதற்கு வேலை இருந்தது.

இணைப்பு என்றதும் எங்கள் பேராசிரியரின் நன்னூல் வகுப்பு நினைவுக்கு வராமல் போகுமா? புணரியலைக் கரும்பலகை முழுதும் எழுதி, ‘சொல் முழுவதையும் பார்க்காதீர்கள். நிலைமொழியின் ஈற்றைப் பாருங்கள், வருமொழியின் முதலைப் பாருங்கள். சண்டையும் சமாதானமும் அங்கேதான்’ என்பார். தொகுப்பும் அதுவே. செல்லும் காட்சியின் கடைசிச் சட்டம், வரும் காட்சியின் முதற்சட்டம் – இவ்விரண்டுக்கும் இடையிலேதான் எல்லாம். இரண்டும் மாறுதலின்றிச் சேர்ந்தால் இயல்பு. சேராவிடில் விகாரம்: தோன்றல், திரிதல், கெடுதல். அம்மா ஓர் அமர்வில் இடப்புறம் சாய்ந்தும் அடுத்த அமர்வில் வலப்புறம் சாய்ந்தும் இருக்கிறார். நேரே ஒட்டினால் துள்ளுகிறது. இடையில் அத்தாவின் பழைய நிழற்படம் ஒன்றை வைத்தால் துள்ளல் மறைகிறது. பூ என்பதும் கொடி என்பதும் பூங்கொடி ஆனாற்போல இது தோன்றல். ஒரு சொல்லின் முடிவில் வரும் இருமலை நீக்கினால் மரமும் வேரும் மரவேர் ஆன கதை, கெடுதல். முன்காட்சியின் முகம் திரையில் இருக்கும்போதே அடுத்த காட்சியின் குரல் கேட்கத் தொடங்கினால், பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது வருமொழியின் வல்லோசை முன்னதாகவே நிலைமொழிக்குள் புகுந்துவிடுவது போன்றது. தொழில்முறையாளர் இதற்கு வேறு பெயர் சொல்வர். எனக்குத் திரிதல் போதும்.

ஓசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அமைதி என்று ஒன்று இல்லை. எம்.டி.எச். சாலையின் லாரிகள், மின்விசிறி, கொரட்டூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையே ஓடும் மின்தொடர் வண்டியின் ஊதல். அம்மா பேசும்போது ஊதல் ஒலித்தால், அது ஓயும்வரை அக்காட்சியை முறிக்க இயலாது. பாதி ஊதலில் வெட்டினால் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். ஆகவே வண்டி வந்த இடங்களிலெல்லாம் ஒன்று முன்னதாக வெட்ட வேண்டும், இல்லையேல் வண்டி கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அறையில் ஒருவரும் பேசாதிருக்கும்போது கேட்கும் வெற்றொலியைத் தனியே ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். இரு பேச்சுகளுக்கு இடையே இட்டு நிரப்ப அது உதவும். மௌனம்கூட ஒவ்வோர் அறையில் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறது. ஓர் அறையின் மௌனத்தை இன்னோர் அறையில் வைத்தால் ஒட்டாது.

இனி, என்னை இரண்டு மாதம் நிறுத்திவைத்த இணைப்பைப் பற்றி.

நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1971இல், என் அண்ணன் இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு இறந்து போனான். வீட்டில் அதைப் பற்றிப் பேசும் வழக்கமில்லை. நான்காம் அமர்வில், கேளாமலே அம்மா அதைச் சொன்னார். அன்றைய பாடியில் விளக்கில்லாத தெருவையும், வில்லிவாக்கம் வரை நடந்ததையும் சொல்லிவிட்டு நிறுத்தினார். பதினொரு விநாடிகள். பிறகு, ‘அப்ப, நாங்க இந்த ஊருக்கு வந்திருக்கவே வேண்டாம்னு இருந்துச்சு’ என்றார். மீண்டும் சிறு நிறுத்தம். ‘அப்புறம் நீ பொறந்தே.’

பதினொரு விநாடி என்பது இருநூற்றெழுபத்தைந்து சட்டங்கள். தங்கை மகனின் அறிவுரைப்படி அதைத் தூக்கிவிட்டால் பேச்சு விறுவிறுப்பாகச் செல்கிறது. வாக்கியத்தையும் சுருக்கலாம். ‘அப்ப’ என்ற சொல்லையும், ‘இருந்துச்சு’ என்ற முடிவையும் நறுக்கினால், ‘நாங்க இந்த ஊருக்கு வந்திருக்கவே வேண்டாம்’ என்று கூர்மையாக நிற்கிறது. ஆயின் பொருள்? 1971இல் ஒரு தாய்க்கு இருந்த மனநிலை, 2024இல் ஒரு முதியவள் தன் வாழ்க்கைமேல் கூறும் தீர்ப்பாக மாறிவிடுகிறது. அதை அடுத்துத் தோன்றல் விதிப்படி அத்தாவின் நிழற்படத்தை வைத்தால், அவர்மேல் சுமத்திய பழியாகவே ஆகிவிடுகிறது. இரண்டையும் செய்து ஓட்டிப் பார்த்தேன். அம்மா ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. நானும் ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை. எனினும் திரையில் ஒரு மனைவி, இறந்துபோன கணவரை அவர்தம் பேரப்பிள்ளைகள் முன் குறை கூறிக்கொண்டிருந்தாள்.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் என்பவர், ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முன்னும், ஒரு சவப்பெட்டிக்கு முன்னும் வைத்துக் காட்டினார் என்பதும், அதே முகத்தில் ஒருமுறை பசியும் ஒருமுறை துயரமும் தெரிந்தன என்பதும் திரைக்கலை பயில்வோர் முதல் வகுப்பில் கேட்கும் செய்தி. நூலில் படித்தபோது சுவையாகத்தான் இருந்தது. நம் தாயின் முகத்தில் அதைக் காணும்போது சுவை போய்விடுகிறது.

இங்கே பழைய கேள்வி வேறு வேடத்தில் திரும்பி வந்தது. தொழில் தெரியாதவன் என்ற அச்சத்தைப் பிளக் கேஜ் தீர்த்துவைத்தது. உரிமை இல்லாதவனோ என்ற அச்சத்தை அது தீர்க்கவில்லை. துளை சரியாக இருக்கலாம். அந்த இடத்தில் துளை போடலாமா என்பது வேறு. தொகுப்பில் தேர்ந்தவர்களுக்கும் இந்த அச்சம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லாதவர் கையில் எவருடைய பேச்சையும் ஒப்படைக்கக் கூடாது. அச்சமே இல்லாமல் பிறர் பேச்சை நறுக்கி ஒட்டிப் பரப்பும் காலத்தில் வாழ்கிறோம். கையடக்கக் கருவிகள் ஒவ்வொருவரையும் தொகுப்பாளர் ஆக்கிவிட்டன. இத்துறையில் இன்று பயிலும் மாணவர்கள் குறும்படங்கள் எடுப்பதாக அறிகிறேன்; மகிழ்ச்சி. புணரியலைப் படித்த கையோடு தொகுக்க அமர்வார்களாயின், ‘அப்ப’ என்ற மூன்று எழுத்தை நீக்கும் முன் அவர்கள் ஒருகணம் நிற்பார்கள்.

பதினொரு விநாடியை அப்படியே வைத்தேன். சொன்னதைச் சொன்ன வரிசையில், நிறுத்தம் மாறாமல் வைத்தேன். இசை சேர்க்கவில்லை. அத்தாவின் நிழற்படம், அம்மா கொரட்டூர் ஏரிக் காற்றைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் இடத்துக்குப் போயிற்று. பதினெட்டு நிமிடம் பத்தொன்பதாயிற்று. 2024 ஏப்ரல் முதல் அக்டோபர் இறுதி வரை இருநூற்றுப் பதினான்கு நாள்கள்; படத்திலுள்ள இணைப்புகள் நூற்று நாற்பத்திரண்டு. மர்ச் அவர்களின் கணக்கில் நான் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்த தொகுப்பாளன்.

மற்றவர் எவரும் பார்க்கும் முன்னர் அம்மாவுக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஊதல் கேட்ட இடத்தில், ‘ரயிலை விட்டுட்டியே’ என்றார். அது குறையா பாராட்டா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அண்ணனைப் பற்றிய இடம் வந்தது. அந்தப் பதினொரு விநாடியும் அறை அமைதியாக இருந்தது. திரையின் மௌனமும் அறையின் மௌனமும் ஒரே அறையினுடையவையாதலால் இரண்டும் பிரித்தறிய முடியாதவாறு ஒட்டிக்கொண்டன. திரையில் இருந்த அம்மா ‘அப்ப’ என்று தொடங்கும் முன்பே, நாற்காலியில் இருந்த அம்மாவின் உதடுகள் அசைந்தன.

முடிந்ததும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, ‘இவ்வளவு பேசிருக்கேன், அவன் பேரைச் சொல்லவே இல்லையேடா’ என்றார்.

ஆறு மணி நாற்பது நிமிடத்தையும் நான் பலமுறை பார்த்தவன். உண்மைதான், அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ‘போனை எடு’ என்றார். எடுத்தேன். முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெயரை ஒருமுறை சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. நிறுத்து என்பதுபோல் கையைக் காட்டினார்.

நான்கு விநாடி. மாலை வெளிச்சம், பழைய அமர்வுகளின் காலை வெளிச்சத்தோடு ஒட்டாத நிறம். கண்ணாடி இல்லாத முகம். மின்விசிறி ஓடவில்லை. அது இப்போது காலக்கோட்டின் கடைசியில் தனியே கிடக்கிறது. அதற்கு முன் எந்தச் சட்டம், பின் எந்தச் சட்டம் என்று இரண்டு வாரமாக இரவில் மேசையைத் துடைத்துவிட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.